மூத்த வீரருக்கு எத்தனை ஆண்டு ஒப்பந்தம்?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், செய்யாற்றங்கரையில் மாகறல் என்னும் ஊர் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பாடிய பழம்பதி அது. அதே சாலையில் மேலும் சென்றால் உத்திரமேரூரை அடையலாம். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் ஒரு கேள்விக்கு விடை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒருவரை எந்த வயது வரை பொறுப்பில் அமர்த்தலாம்? அமர்த்தினால் எத்தனை நாளைக்கு அமர்த்தலாம்? இதுவே அக்கேள்வி.

இதே கேள்வியை எதிர்கொண்டு கோடிக்கணக்கான டாலர்களை இழந்தவர்கள் கடல் கடந்த நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் வட அமெரிக்காவின் பனித்தரை ஹாக்கி அணிகளின் உரிமையாளர்கள். முப்பது வயதைத் தொட்ட புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவருக்கு ஏழு, பத்து, பதினேழு ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பது அறிவுடைமையா? கல்வெட்டுக்கும் ஹாக்கிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கலாம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தொடர்பு தானே விளங்கும்.

உத்திரமேரூரின் இரண்டு ஆணைகள்

முதற் பராந்தக சோழனின் ஆட்சியில், கி.பி. 919-இலும் 921-இலும் உத்திரமேரூர்ச் சபை இரண்டு தீர்மானங்களைச் செய்தது. ஊர்ப் பணிகளைப் பார்க்கும் வாரியங்களுக்கு உறுப்பினர்களை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இவை விரிவாகக் கூறுகின்றன. கல்வெட்டு அறிஞர் வெங்கய்யா 1904-05-ஆம் ஆண்டின் தொல்லியல் துறை அறிக்கையில் இவற்றை மொழிபெயர்த்து விளக்கினார். அது முதல் குடவோலை முறை உலகறிந்த செய்தி ஆயிற்று.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டனர். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன், சபையோர் அனைவரும் காண, ஓலையை எடுத்தான். அதனை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். கையில் வேறு ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. இவ்வாறு தேர்ந்தெடுத்த முப்பதின்மரில் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர்.

இவையெல்லாம் பாடநூலில் நீங்கள் படித்தவையே. பலரும் கவனியாமல் விடும் ஒரு நுட்பம் இதில் உண்டு. 919-ஆம் ஆண்டின் தீர்மானம் உறுப்பினருக்கு வயது 30-க்கு மேலும் 60-க்குக் கீழும் இருக்க வேண்டும் என்றது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 921-இல், சபை இதனைத் திருத்தியது. புதிய எல்லை 35-க்கு மேல், 70-க்குக் கீழ். அதாவது, முதியோருக்கு வாசலை இன்னும் பத்தாண்டு அகலத் திறந்தார்கள். இளையோரை இன்னும் ஐந்தாண்டு காத்திருக்கச் சொன்னார்கள்.

முதுமையை இவ்வளவு மதித்தவர்கள் பதவிக்காலத்தை எவ்வளவு வைத்தார்கள்? அதே 921-ஆம் ஆண்டுத் தீர்மானத்தின்படி வாரியத்தார் 360 நாட்கள் பணி செய்து விலக வேண்டும். பதவியில் இருக்கும்போது குற்றம் புரிந்தால் அப்போதே நீக்கப்படுவர். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தவர்கள்.

முதியவர் வேண்டும் என்பது ஒரு முடிவு. அவரை நெடுங்காலத்துக்கு நியமிப்பது வேறொரு முடிவு. உத்திரமேரூரார் முதல் முடிவுக்கு ஆம் என்றும், இரண்டாவதற்கு இல்லை என்றும் விடை கூறினார்கள். இன்றைய விளையாட்டு உலகம் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதனாலேயே பெரும் பொருளை இழந்தது என்பதை இனிக் காண்போம்.

கட்டு நீங்கிய ஆட்டக்காரர்

நம் நாட்டில் ஹாக்கி என்றால் புல்தரையிலோ செயற்கைத் தரையிலோ ஆடும் ஆட்டம். கனடாவிலும் அமெரிக்காவிலும் அச்சொல் உறைந்த பனித்தரையில், காலில் சறுக்குக் கத்தி கட்டி ஆடும் ஆட்டத்தைக் குறிக்கும். அங்கு 1917-இல் தொடங்கிய தேசிய ஹாக்கி லீக் இன்று பெரும் வணிகமாக வளர்ந்துள்ளது.

அந்த லீக்கில் நுழையும் இளைஞர் தம் விருப்பப்படி அணி மாற முடியாது. அவரைத் தேர்வு செய்த அணியின் பிடியிலேயே பல ஆண்டுகள் இருப்பார். இன்றுள்ள விதிப்படி, பொதுவாக 27 வயது ஆனபின் அல்லது ஏழு பருவங்கள் ஆடி முடித்தபின், கையிலுள்ள ஒப்பந்தமும் தீர்ந்தால்தான் அவர் கட்டு நீங்கியவர் ஆவார். அப்போது எந்த அணியும் அவரை விலை பேசலாம்.

இங்கே ஓர் இடர் மறைந்திருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பனித்தரை ஹாக்கியில் முன்வரிசை ஆட்டக்காரரின் திறமை பெரும்பாலும் 25 முதல் 28 வயதுக்குள் உச்சத்தை அடைகிறது. தடுப்பாட்டக்காரருக்கு அது ஓரிரு ஆண்டு தள்ளி வரலாம். அப்படியானால், ஆட்டக்காரர் சந்தைக்கு வரும் நேரமும் அவருடைய திறமை இறங்கத் தொடங்கும் நேரமும் ஏறத்தாழ ஒன்றே. மலையேறி உச்சியில் நிற்பவரைப் பார்த்து, இவர் இனியும் ஏறுவார் என்று எண்ணிப் பணம் கொடுப்பது போன்றது இது.

உடல் கூறும் செய்தி

வயது ஏறும்போது உடலில் நிகழ்வது என்ன? நம் தசைகளில் விரைவாகச் சுருங்கும் நார்களும் மெதுவாகச் சுருங்கும் நார்களும் உள்ளன. திடீரெனப் பாய்வதற்கும், பந்தை வலிமையாக அடிப்பதற்கும் விரைவு நார்களே தேவை. வயதின் தாக்கம் இவற்றின் மீதுதான் மிகுதி.

அடுத்தது இதயம். ஒருவருடைய உச்ச இதயத்துடிப்பை அறிய, 220-இலிருந்து வயதைக் கழிப்பது தோராயமான வழி. இருபது வயதினருக்கு நிமிடத்துக்கு 200. முப்பத்தைந்து வயதினருக்கு 185. துடிப்பின் உச்சம் குறைந்தால், தசைகளுக்குச் செல்லும் ஆக்சிஜனின் உச்ச அளவும் குறையும். பயிற்சி இல்லாதவர்களிடம் இந்த ஆக்சிஜன் திறன் முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ பத்து விழுக்காடு குறைகிறது. இடைவிடாது பயிற்சி செய்பவர்களிடம் இறக்கம் இதனினும் மெதுவானது, ஆனால் நிற்பதில்லை.

இதற்கு மாறான ஒரு செய்தியும் உண்டு. பந்து எங்கே வரும், எதிராளி எந்தப் பக்கம் திரும்புவார் என்று முன்கூட்டியே உணரும் ஆற்றல் அனுபவத்தால் வளர்கிறது. கால்கள் இழப்பதைக் கண்களும் மூளையும் ஓரளவு ஈடு செய்கின்றன. ஆகவேதான் ஓட்டம் குறைவாகவும் கணிப்பு மிகுதியாகவும் தேவைப்படும் இலக்குக் காப்பாளர் பலர் முப்பத்தைந்தைக் கடந்தும் சிறப்பாக ஆடுகின்றனர்.

உத்திரமேரூரில் 35 என்பது நுழைவாசல். தேசிய ஹாக்கி லீக்கிலோ 35 என்பது எச்சரிக்கைக் கோடு. அந்த வயதிலோ அதற்குப் பின்னரோ பல ஆண்டு ஒப்பந்தம் செய்து, ஆட்டக்காரர் இடையில் ஓய்வு பெற்றுவிட்டாலும், அந்தத் தொகை அணியின் கணக்கில் நிற்கும் என்று 2005-ஆம் ஆண்டு விதிகள் கூறின. ஏரி வாரியத்துக்கு வேண்டியது அறிவு. பனித்தரைக்கு வேண்டியது கால். ஆகவே வயது எல்லை தொழிலுக்குத் தொழில் மாறும். அறிவுக்குரிய பணியிலும்கூட உத்திரமேரூரார் 360 நாளைத் தாண்டவில்லை என்பதை மறவாதீர்கள்.

புளியமரக் குத்தகையும் ஆட்டக்காரர் ஏலமும்

உடல் தளர்வது எல்லாருக்கும் தெரிந்ததே. அப்படியிருந்தும் கணக்கறிந்த பெருமுதலாளிகள் ஏன் ஏமாறுகிறார்கள்? இதற்குப் புள்ளியியல் இரண்டு காரணங்களைக் காட்டுகிறது.

முதற் காரணத்தை அறிய நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வகுப்பில் உள்ள அனைவரும் ஆளுக்குப் பத்து முறை தாயக்கட்டையை உருட்டிக் கூட்டுத்தொகையை எழுதட்டும். மிக உயர்ந்த தொகை பெற்ற ஐவரை மட்டும் மறுபடியும் பத்து முறை உருட்டச் சொல்லுங்கள். அவர்களுடைய இரண்டாவது தொகை பெரும்பாலும் முதல் தொகையைவிடக் குறைந்திருக்கும். கை சோர்ந்ததா? இல்லை. முதல் முறை அவர்கள் முன்னணியில் வந்ததற்கு நற்பேறும் ஒரு காரணம். அது மறுமுறையும் வரும் என்ற உறுதி இல்லை. ஹாக்கியிலும் ஒரு பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டத்தில் திறமையோடு நற்பேறும் கலந்திருக்கும். அந்தப் பருவம் முடிந்த உடனே ஒப்பந்தம் பேசினால், நற்பேற்றுக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறோம்.

இரண்டாவது காரணம் ஏலத்திலேயே இருக்கிறது. மாகறல் போன்ற ஊர்ப்பக்கம் சாலையோரப் புளியமரங்களின் மகசூலை ஏலம் விடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். மரம் எவ்வளவு காய்க்கும் என்பது யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. ஒவ்வொருவரும் அண்ணாந்து பார்த்து ஒரு கணக்குப் போடுவார். சிலர் குறைத்து மதிப்பர். சிலர் கூட்டி மதிப்பர். மரம் யாருக்குப் போகும்? எல்லாரினும் கூட்டி மதித்தவருக்கே போகும். ஏலத்தில் வெல்வதே, நாம் அளவுக்கு மீறி மதித்துவிட்டோம் என்பதற்கு ஓர் அறிகுறி ஆகிவிடுகிறது.

புளியமரக் குத்தகை ஒரு மகசூலோடு முடிந்துவிடுவதால் நட்டம் அவ்வாண்டோடு போகும். அடுத்த ஆண்டு மரத்தைப் பார்த்துப் புதிதாகக் கேட்கலாம். அதே மரத்தை அதே விலைக்குப் பதினைந்து ஆண்டுக்கு எடுத்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஒரு சிறு கணக்கும் போடுவோம். முப்பது வயது ஆட்டக்காரர் ஒருவரின் பயன் இன்று ஆண்டுக்கு 60 லட்சம் என்றும், அது ஆண்டுதோறும் 5 லட்சம் குறைகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஏழு ஆண்டில் அவர் தரும் பயன் 60, 55, 50, 45, 40, 35, 30. ஆக மொத்தம் 315 லட்சம். இன்றைய விலையிலேயே ஏழு ஆண்டு ஒப்பந்தம் செய்தால் கொடுப்பது 420 லட்சம். நட்டம் 105 லட்சம். ஆண்டுக்கு 45 லட்சம் என்று பேசினால் கணக்கு நேராகும். ஏலத்தில் போட்டியிடும் மற்றோர் அணி 45-உடன் நிற்க விடாது என்பதுதான் சிக்கல்.

பதினேழு ஆண்டு ஒப்பந்தம்

இனி வரலாற்றுக்கு வருவோம். 1972-இல் உலக ஹாக்கி சங்கம் என்னும் போட்டி லீக் தொடங்கியது. அதன் வின்னிபெக் ஜெட்ஸ் அணி, 33 வயதான பாபி ஹல்லுக்குப் பத்து லட்சம் டாலர் முன்பணம் கொடுத்துப் பத்தாண்டு ஒப்பந்தம் செய்தது. அன்று அது கேள்விப்படாத தொகை. ஹல் ஏமாற்றவில்லை. 1974-75 பருவத்தில், 36 வயதில், 77 கோல் அடித்தார். அவர் பெயரால் புதிய லீக்குக்கே மதிப்பு உண்டாயிற்று. மூத்த ஆட்டக்காரர் வீண் என்று யாரும் சொல்லிவிட முடியாது என்பதற்கு இது சான்று.

2004-05 பருவம் சம்பளத் தகராறினால் முழுவதும் நடைபெறாமற் போயிற்று. அதன் முடிவில் ஒவ்வோர் அணியும் சம்பளத்துக்குச் செலவிடும் தொகைக்கு உச்சவரம்பு வந்தது. முதல் ஆண்டில் அது 3.9 கோடி டாலர். ஆட்டக்காரரின் மொத்தச் சம்பளத்தை ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்து வரும் சராசரியே வரம்பில் கணக்கிடப்பட்டது. கணக்கர்கள் இதில் ஒரு சந்து கண்டார்கள். முதல் ஆண்டுகளில் பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு, கடைசியில் மிகச் சிறு சம்பளமுள்ள பல ஆண்டுகளை ஒட்டிவிட்டால் சராசரி குறையும் அல்லவா?

2010-இல் நியூ ஜெர்சி டெவில்ஸ் அணி, இல்யா கொவல்சுக் என்னும் 27 வயது ரஷ்ய வீரருக்கு 17 ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. தொகை 10.2 கோடி டாலர். அதில் 9.5 கோடி முதல் பத்து ஆண்டுகளிலேயே சேரும். ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு வயது 44. அந்த வயது வரை அவர் ஆடுவார் என்று எழுதியவர்களே நம்பியிருக்க மாட்டார்கள். லீக் இதனை ஏற்கவில்லை. நடுவர் ரிச்சர்ட் பிளாக் ஆகஸ்டு மாதத்தில் லீக்கின் பக்கம் தீர்ப்பளித்தார். பின்னர் 15 ஆண்டு, 10 கோடி டாலர் என்று மாற்றி எழுதினார்கள். 2013-இல் கொவல்சுக் லீக்கை விட்டுத் தாயகம் திரும்பினார். அப்போது ஒப்பந்தத்தில் 12 ஆண்டுகளும் 7.7 கோடி டாலரும் மிச்சம் இருந்தன.

நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியின் கதை இன்னும் வருந்தத்தக்கது. 2006-இல் இலக்குக் காப்பாளர் ரிக் டிபீட்ரோவுக்கு 15 ஆண்டுக்கு 6.75 கோடி டாலர் எழுதியது. அவருக்கு அப்போது 25 வயதுகூட நிரம்பவில்லை. ஆயினும் காயங்கள் அவரை விடவில்லை. 2008 முதல் 2013 வரை ஐந்து பருவங்களில் அவர் ஆடியவை மொத்தம் 50 ஆட்டங்களே. 2013-இல் அணி அவரை விடுவித்தது. விதிப்படி, மீதமிருந்த 3.6 கோடியில் மூன்றில் இரண்டு பங்கை, மீதமிருந்த எட்டு ஆண்டுகளின் இரு மடங்கு காலத்தில் தர வேண்டும். அதாவது ஆண்டுக்கு 15 லட்சம் டாலர் வீதம் 2029 வரை. இளையவருக்கே நீண்ட ஒப்பந்தம் இத்தகைய சுமை ஆகுமென்றால், முப்பதைத் தாண்டியவருக்கு எழுதும்போது எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

ராபர்ட்டோ லுவாங்கோ 2009-இல், 30 வயதில், வான்கூவர் கனக்ஸ் அணியுடன் 12 ஆண்டு ஒப்பந்தம் செய்தார். 2014-இல் அவரை ஃப்ளோரிடா அணிக்கு மாற்றிவிட்டார்கள். அவர் நன்றாகவே ஆடி 2019-இல் 40 வயதில் ஓய்வு பெற்றார். ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டுகள் மிஞ்சியிருந்ததால், எப்போதோ அவரை அனுப்பிவிட்ட வான்கூவரின் சம்பள வரம்பில் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டாலர் அபராதமாக ஏறியது. அந்த மூன்று ஆண்டும் அத்தொகைக்குரிய இளம் வீரர் ஒருவரை அவ்வணி அமர்த்த முடியாமற் போயிற்று.

இவற்றைக் கண்டபின் 2013-ஆம் ஆண்டு உடன்பாடு ஒப்பந்தக் காலத்துக்கு எல்லை வகுத்தது. தன் அணி வீரருக்கு எட்டு ஆண்டு, வெளியிலிருந்து வருபவருக்கு ஏழு ஆண்டு. சம்பளம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் ஏறி இறங்கவும் தடை வந்தது. 2025-இல் எட்டப்பட்ட அடுத்த உடன்பாடு இவ்வெல்லையை ஏழு, ஆறு என்று மேலும் குறைத்தது. உத்திரமேரூர்ச் சபை ஒரே தீர்மானத்தில் கண்டதை நோக்கி, லீக் படிப்படியாக நகர்ந்து வருகிறது எனலாம்.

ஆண்டுக்கு ஒரு முறை வந்த முதியவர்

வயதையும் ஒப்பந்தக் காலத்தையும் பிரித்துப் பார்த்தால் நன்மை விளையும் என்பதற்குச் செக் நாட்டு வீரர் யாரொமிர் யாகர் எடுத்துக்காட்டு. மூன்று ஆண்டு ரஷ்யாவில் ஆடிவிட்டு 2011-இல், 39 வயதில், அவர் தேசிய ஹாக்கி லீக்குக்குத் திரும்பினார். அதன்பின் ஒவ்வொரு முறையும் அவர் செய்தது ஓராண்டு ஒப்பந்தமே. பருவந்தோறும் அணிகள் அவருடைய கால்களைப் பார்த்து விலை பேசின. 2015-16 பருவத்தில், 44 வயதைத் தொட்டபோது, ஃப்ளோரிடா பாந்தர்ஸ் அணியில் எல்லாரினும் மிகுந்த புள்ளிகளை, அதாவது 66 புள்ளிகளை, அவரே பெற்றார். 2018-இல் 45 வயதில் அந்த லீக்கை விட்டு விலகினார். யாருக்கும் நட்டமில்லை, எவர் கணக்கிலும் பாக்கியில்லை.

மறுபக்க வாதம்

நீண்ட ஒப்பந்தத்தின் பக்கமும் நியாயம் உண்டு. சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணி 2009-இல் 30 வயதான மரியன் ஹோசாவுக்கு 12 ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. தோல்நோய் காரணமாக 2017-க்குப் பின் அவரால் ஆட இயலவில்லை. ஆயினும் அவர் ஆடிய காலத்தில் 2010, 2013, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளில் அவ்வணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. பிற்காலத்து நட்டத்தை அறிந்தே ஏற்று, இன்றைய வெற்றியை வாங்குவதும் ஒரு கணக்கே. வெற்றியின் விளிம்பில் நிற்கும் அணிக்கு அது பொருந்தலாம். மூன்றாண்டில் கோப்பை எட்டாத அணிக்கு அது வெறும் கடன்.

ஆட்டக்காரரின் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். அவருக்கு உடல் ஒன்றுதான். ஒரு மோதலில் முழங்கால் போய்விட்டால் வருவாய் நின்றுவிடும். இளமையில் ஏழு ஆண்டு அணியின் பிடியில் இருந்து, தம் உழைப்புக்குக் குறைந்த கூலி பெற்றவர், முப்பதில் நீண்ட ஒப்பந்தம் கேட்பது பழைய பாக்கியைக் கேட்பது போன்றதே. அணி நட்டத்தைத் தாங்க முடியும்; தனி மனிதரால் இயலுமா?

இங்கேதான் உத்திரமேரூருக்கும் நமக்கும் உள்ள வேறுபாட்டை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அது வேதம் கற்ற, நிலமுடைய அந்தணர்களின் சபை. வரி செலுத்தும் கால் வேலி நிலத்துக்கு மேல் உடையவர், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவர் ஆகியோரே குடத்தில் பெயரிடத் தகுதியுடையவர். கல்வி மிகுந்தவருக்கு அரைக்கால் வேலி போதும் என்ற சலுகை இருந்தது. உழுதவர்களும் பெண்களும் அந்தக் குடத்துக்கு வெளியே நின்றனர். எனவே 360 நாள் முடிந்து வாரியத்திலிருந்து விலகுபவர் வீட்டில் அடுப்பு அணையாது; அவருக்கு நிலம் இருந்தது. இன்றைய விளையாட்டு வீரருக்கோ ஒப்பந்தமே நிலம்.

ஆகவே குறுகிய ஒப்பந்தம் நியாயமாக இருக்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை வேண்டும். களத்தில் உள்ள இடம் வேறு, வாழ்வுக்குரிய பாதுகாப்பு வேறு என்று பிரிக்க வேண்டும்.

நம் நாட்டு வழி

இந்தப் பிரிவினையை இந்திய ஹாக்கி நீண்ட காலமாகவே ஒருவாறு செய்து வந்திருக்கிறது. இரயில்வே, காவல் துறை, வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவை விளையாட்டு வீரர்களுக்கென ஒதுக்கிய இடங்களில் அவர்களைப் பணிக்கு அமர்த்துகின்றன. சென்னையில் தெற்கு இரயில்வே, பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தமிழ்நாடு காவல் துறை ஆகியவற்றின் ஹாக்கி அணிகளை அறியாத ரசிகர் இல்லை. இங்கு வீரருக்கு அணியில் இடம் இந்தப் பருவத்து ஆட்டத்தைப் பொறுத்தது. வேலையோ ஓய்வுபெறும் வயது வரை அவருடையது. முப்பத்தைந்தில் மட்டையை வைத்துவிட்டாலும் மாதச் சம்பளம் நிற்பதில்லை. ஆகவே, தகுதி குறைந்த பின்னும் களத்தைப் பற்றிக்கொண்டு தொங்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

இம்முறை குறையற்றது அன்று. இடங்கள் சிலவே; வேலை கிடைக்காத திறமைசாலிகள் பலர். ஏலமுறையும் இங்கு வந்துவிட்டது. 2013-இல் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக் 2017-க்குப் பின் நின்று, 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. தமிழ்நாடு டிராகன்ஸ் என்ற அணியும் அதில் களமிறங்கியது. பணம் பெருகப் பெருக, மூத்த வீரருக்கு எத்தனை ஆண்டு என்ற கேள்வி நம் வீட்டு வாசலுக்கும் வரும்.

மூத்தவரை எவ்வாறு பயன்படுத்துவது என்பதற்கும் கல்வெட்டில் ஒரு குறிப்பு உண்டு. தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்து பழகியவர்கள், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்கள் ஆகியோரையே சம்வத்சர வாரியத்துக்கு அனுப்பினார்கள். அனுபவம் முதிர முதிர, பழைய வேலையிலேயே இருத்தி வைக்காமல், அந்த முதிர்ச்சிக்கு ஏற்ற பொறுப்புக்கு மாற்றினார்கள்.

இலக்குக் காப்பாளர் ஸ்ரீஜேஷ் 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா வெண்கலம் வென்ற அன்று, 36 வயதில், விளையாட்டிலிருந்து விலகினார். அவருடைய இடம் இளையவருக்குச் சென்றது. அவருடைய அறிவு வீணாகவில்லை. இந்திய இளையோர் அணியின் பயிற்சியாளர் ஆனார். 2025-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த இளையோர் உலகக் கோப்பையில் அவ்வணி வெண்கலம் பெற்றது.

நாம் கொள்ளும் முடிவு

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை கூறலாம். மூத்த ஆட்டக்காரரை அணியில் சேர்க்கலாமா? தகுதி இருக்கும் வரை தாராளமாகச் சேர்க்கலாம்; அறுபதை எழுபதாக்கிய உத்திரமேரூரார்போல் வயது எல்லையைத் தளர்த்தவும் செய்யலாம். அவருக்கு நீண்ட ஒப்பந்தம் தரலாமா? பெரும்பாலும் கூடாது. ஓராண்டு அல்லது ஈராண்டு போதும். கணக்குப் பார்த்து மறுபடியும் எழுதலாம். அவ்வாறு குறுக்குவது முறையாக வேண்டுமானால், இளமையில் உழைப்புக்கு உரிய கூலியும், காயத்துக்கு மருத்துவமும், களம் நீங்கியபின் வாழ வழியும் அவருக்கு உறுதியாக வேண்டும். இவற்றைக் கொடாமல் ஆண்டுதோறும் விலை பேசுவது சிக்கனம் ஆகாது. அது மனிதரைப் பயன்படுத்தி எறிவது ஆகும்.

உத்திரமேரூர் மக்களுக்கு ஏரியே உயிர். ஏரி வாரியத்தில் ஒருவர் தளர்ந்து மதகு பழுதானால் ஊரே பட்டினி கிடக்கும். அந்த அச்சம் இருந்ததனால்தான் முதியவரிடத்தில் மதிப்பும், பதவிக்காலத்தில் கண்டிப்பும் ஒருங்கே காட்டினார்கள். காஞ்சிபுரம் பக்கம் செல்லும்போது மாகறல் வழியாக உத்திரமேரூர் சென்று அந்தச் சுவரை ஒருமுறை பாருங்கள். உங்கள் பள்ளி அணிக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில், எவ்வளவு காலத்துக்கு என்ற கேள்வியையும் தவறாமல் கேளுங்கள்.